முப்பது நாள் கூலியை யார் தருவது? தாராவி ஆண்களின் குடிநோயும் சிகிச்சையும்



இந்தியாவில் குடிபோதை மீட்பு மையம் என்று பெயர்ப்பலகை தொங்கும் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், படுக்கைகளில் இருப்பவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஆண்களே. பெண்களுக்கெனத் தனி மையங்கள் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. அது முற்றிலும் நியாயமான கோரிக்கை. குடிநோய்க்கு ஆளான பெண்ணுக்கு இச்சமூகம் தரும் அவமானம் ஆணுக்குத் தரும் அவமானத்தைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் இந்தக் கோரிக்கையின் நிழலில் ஒரு கருத்து கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஆண்களுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே என்பதே அக்கருத்து. அது உண்மையா என்பதே இங்கு பரிசீலனைக்குரிய பொருள்.

முதலில் சில புள்ளிவிவரங்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் 18.8 விழுக்காட்டினரும் பெண்களில் 1.3 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மேற்கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மதுவினால் ஏற்பட்ட சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. அதே ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். குடிப்போரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், மையங்களும் ஆண்களுக்கானவை, ஆயினும் அந்தச் சிகிச்சை ஆண்களை எட்டவில்லை. ஆண்களுக்குப் படுக்கை போட்டிருப்பது வேறு, ஆண்களின் வாழ்க்கையைக் கணக்கில் கொண்ட சிகிச்சை வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மும்பையின் தாராவியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

மாஹிமுக்கும் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கரில் அமைந்தது தாராவி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். தோல் பதனிடும் தொழிலில் அனுபவம் பெற்ற முஸ்லிம் வணிகர்களும், ஊரில் தீண்டாமைக்கும் பஞ்சத்துக்கும் ஆளாகி நின்ற ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்களும் அவர்களில் அடங்குவர். பிழைக்க வந்தவர்களில் முதலில் வந்தவர்கள் ஆண்கள். மனைவியும் மக்களும் ஊரில் இருக்க, சுண்ணாம்புத் தொட்டியிலும் பச்சைத்தோலிலும் பகலெல்லாம் நின்றுவிட்டு, பலர் பகிர்ந்துகொண்ட ஓர் அறைக்கு இரவில் திரும்பிய ஆண்கள். அந்த மாலை நேரத்துக்கென்று அந்நகரம் அவர்களுக்கு அளித்த ஒரே பொழுதுபோக்கு சாராயம்.

அந்தச் சாராயமும் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்தது. 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை பம்பாய் நகரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. வசதி படைத்தவர்கள் உடல்நலக் காரணம் காட்டி உரிமம் வாங்கிக் குடித்தனர். உரிமம் வாங்க வழியில்லாத தொழிலாளர்கள், மாஹிம் கழிமுகத்து அலையாத்திக் காடுகளின் மறைவிலும் சந்து வீடுகளிலும் காய்ச்சப்பட்டதைக் குடித்தனர். தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமைதூக்கிய வரதராஜ முதலியார், 1960களிலும் 70களிலும் தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப்ஹில் வட்டாரங்களின் கள்ளச்சாராயத் தொழிலை ஆண்டவராக உயர்ந்தது இந்தப் பின்னணியில்தான். 1987இல் வந்த ‘நாயகன்’ திரைப்படத்துக்கு அவரது வாழ்க்கை தூண்டுதலாக அமைந்தது. தமிழ் ரசிகர்கள் கொண்டாடிய அக்கதையில், அந்தச் சாராயத்தைக் குடித்தவர்களின் கல்லீரலுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு இடமில்லை. 2004 டிசம்பரில் விக்ரோலியில் எண்பதுக்கும் மேற்பட்டோரும், 2015 ஜூனில் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மாண்ட அறுபதுக்கும் மேற்பட்டோரைப் போலவே, அவர்களிலும் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள்.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். அதன் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வருகைப்பதிவும் வைப்புநிதியும் விடுப்பும் சங்கமும் இருந்த வேலை போய், பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் பட்டறைகளின் வேலை வந்தது. மறுசுழற்சிக் கூடம், தையல் கூடம், தோல்பை செய்யும் கூடம், இட்லி அவித்து விற்கும் வீடு எனத் தாராவியின் இன்றைய உழைப்பு பெரும்பாலும் இத்தகையதே. குடும்பத் தலைவன் என்ற பட்டம் மட்டும் ஆணிடம் எஞ்சியது. அந்தப் பட்டத்துக்கு அடிப்படையாக இருந்த நிலையான வருமானம் போய்விட்டது. துப்புரவுப் பணியாளரின் நிலையையும் இங்கே நினைவுகூர வேண்டும். போதையில்லாமல் இறங்க முடியாத சாக்கடைக்குள் ஒரு மனிதரை இறங்கச் சொல்லும் அமைப்பு, அவர் மேலே ஏறி வந்ததும் அவரைக் குடிகாரர் என்று பதிவு செய்கிறது.

இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் நிலை குறித்து 1845இல் நூல் வெளியிட்ட எங்கெல்ஸ், குடிப்பழக்கத்தைத் தனிமனிதனின் ஒழுக்கக் கேடாக மட்டும் பார்க்கலாகாது, தொழிலாளி வாழ நேர்ந்த நிலைமைகளின் விளைவாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அது சரியான வாதம். ஆயினும் அதைப் பாதியில் நிறுத்திவிடும் போக்கு இடதுசாரி இயக்கங்களில் உண்டு. சமூகம் மாறினால் குடியும் மறையும் என்று சொல்லிவிட்டு, இன்றிரவு நடுங்கும் கைகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மருந்து என்ற கேள்வியைத் தொண்டு நிறுவனங்களிடமும் மதநிறுவனங்களிடமும் விட்டுவிடுவது சரியல்ல.

மருந்து உண்டு. குடிநோய் ஒரு நோய். அதற்கு மருத்துவம் இருக்கிறது. நீண்ட காலம் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும், கடும் நடுக்கமும் கொண்ட ‘டெலிரியம் டிரெமென்ஸ்’ என்ற நிலை ஏற்படக்கூடும். உரிய மருத்துவம் கிடைக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கும். குளோர்டயசெபாக்சைடு, லோராசெபம் போன்ற மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும், தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தைச் செலுத்துவதும் இதற்கான சிகிச்சை. இவை விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. ஆகவே, மனவுறுதி இருந்தால் இன்றே நிறுத்திவிடு என்று ஒருவரை அறைக்குள் வைத்துப் பூட்டுவது அறிவுரை அல்ல, ஆபத்து. கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் நிறுத்தும் வழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. கயிறு கட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் நம்பிக்கை. கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்துவதே இயக்கத்தின் வேலை.

தாராவிக்கு அருகிலேயே சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை இருக்கிறது. பரேலில் கேஇஎம் மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. பாந்திராவில் 1981இல் அருட்தந்தை ஜோசப் பெரெய்ரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை, ஐயங்கார் யோகாசன முறையையும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பன்னிரண்டு படிகளையும் இணைத்து நாட்டின் பல பகுதிகளில் செயல்படுகிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டிடிகே மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சையில் குடும்பத்தையும் ஓர் அங்கமாக்கியது. அது நகரத்து மையத்தோடு நின்றுவிடாமல் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தியது. ஒன்றிய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 போதை தொடர்பான உதவிக்கானது. 14416 மனநல ஆலோசனைக்கானது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தன்னைவிடப் பெரியதொரு சக்தியிடம் சரணடைதல் என்ற அதன் மொழி இடதுசாரிகளுக்கு உவப்பானதல்ல. ஆனால் அதன் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை, முதலாளியில்லை, மருத்துவர் மேலே நோயாளி கீழே என்ற படிநிலையில்லை. ஓர் ஆண், பிற ஆண்கள் முன்னிலையில், தான் தோற்றதைச் சொல்லி அழலாம் என்ற அனுமதியை அது தருகிறது. அழுவதற்கு இடமில்லாமல் வளர்க்கப்பட்ட ஆண்களுக்கு இது சிறிய விஷயமல்ல. தாராவியில் அதற்குள்ள தடை வேறு. பத்துக்குப் பத்து அறைகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் சந்தில், பெயர் சொல்லாமல் இருப்பது எப்படி என்பதுதான் அது.

இவ்வளவும் இருந்தும் 38இல் ஒருவர் என்றால், தடுப்பது எது? கூலி தடுக்கிறது. நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டும் ஒரு பட்டறைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முப்பது நாள் உள்நோயாளியாகத் தங்கினால் 18,000 ரூபாய் போகும். சிகிச்சை முற்றிலும் இலவசம் என்றாலும் அந்த 18,000 ரூபாயை எந்த மருத்துவமனையும் தருவதில்லை. வாடகை நிற்காது, பள்ளிக் கட்டணம் நிற்காது, வட்டி நிற்காது. முப்பது நாள் கழித்துத் திரும்பினால் பட்டறையில் அவருடைய இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். புறநோயாளியாக வந்து போகலாம் என்றாலோ, மாநகராட்சி மருத்துவமனையில் காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி மருத்துவரைப் பார்த்து மருந்து பெறுவதற்குள் அன்றைய வேலை போய்விடும்.

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகள் பொதுவாக அத்திட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் குடித்திருந்த தொழிலாளியை எப்படிப் பார்த்தது என்பதும் கவனத்துக்குரியது. மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தாலொழிய, போதையின் விளைவாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அது விதிவிலக்கு அளித்தது. காலனியாட்சி வகுத்த அந்தப் பார்வையில் குடித்த தொழிலாளி தண்டனைக்குரியவர், நோயாளி அல்லர். காசநோய் வந்த தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கினால் சங்கம் தலையிடுகிறது. குடிநோய் என்று தெரிந்து நீக்கினால், அவன் குடிகாரன் என்று சங்கமும் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆண்களின் சிகிச்சை எப்படி இருக்கலாம் என்பதற்கு மேற்குக் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவாவில் சங்காத் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் உள்ளிட்டோர், பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனையை நடத்தினர். அதன் முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின. 18 முதல் 65 வயது வரையிலான, முற்றிய அடிமைநிலையை எட்டாத, ஆனால் தீங்கு விளைவிக்கும் அளவுக்குக் குடிக்கும் 377 ஆண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் தரப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு அதனுடன் ஆலோசனை அமர்வுகள், நான்கு வரை தரப்பட்டன. ஆலோசனை வழங்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் மக்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினர் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தனர். பெறாதவர்களில் 26 விழுக்காடு. அதற்கு முந்தைய இரு வாரங்களில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் முன்னவர்களில் 42 விழுக்காடு, பின்னவர்களில் 18 விழுக்காடு. வீட்டைவிட்டு, வேலையைவிட்டு ஒரு மாதம் போய்த் தங்காமலே கிடைத்த பலன் இது. நோய் முற்றுவதற்கு முன்பே ஆணைச் சென்றடைந்தால் படுக்கையே தேவைப்படாமல் போகலாம் என்பதற்கு இது சான்று.

தாராவியில் இதைச் செய்ய என்ன தேவை? ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புற சுகாதார நிலையத்திலும் மாநகராட்சியின் சிறு சுகாதார மையங்களிலும் மாலை ஏழு மணிக்கு மேல் ஆலோசனை. தமிழ், மராத்தி, இந்தி, உருது பேசும் உள்ளூர் ஆலோசகர்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் அல்ல, முறையான ஊதியம். மொழி இங்கே அலங்காரமல்ல. தன் அவமானத்தை ஒருவர் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். மும்பையில் மூன்று தலைமுறை வாழ்ந்த தமிழரும் கோபத்தை இந்தியில் காட்டுவார், துக்கத்தைத் தமிழில்தான் பேசுவார்.

கோவா ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. குடியின் மீது பலன் தந்த அந்த ஆலோசனை, மனைவி மீதான வன்முறையைக் குறைத்ததாக அந்த ஆய்வில் தெரியவரவில்லை. இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவனைக் கொண்ட பெண்களில் 70 விழுக்காட்டினர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். அறவே குடிக்காத கணவனைக் கொண்டவர்களில் அது 23 விழுக்காடு. குடி வன்முறையைப் பெருக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் குடிக்காதவர்கள் வீட்டிலும் நான்கில் ஒரு பங்குப் பெண்கள் ஏறக்குறைய அடி வாங்குகிறார்கள் என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. சாராயம் கையை ஓங்க வைக்கலாம். யார் மீது ஓங்குவது என்பதைச் சாராயம் சொல்லித்தருவதில்லை. காவலர் மீதோ கடை முதலாளி மீதோ ஓங்காத கை மனைவி மீது ஓங்குகிறது.

ஆகவே ஆண்களுக்குரிய சிகிச்சை என்று ஒன்று இருக்குமானால், அது இந்த இடத்தைத் தொட்டாக வேண்டும். புட்டியை மட்டும் பிடுங்கிவிட்டு, மனைவி தன் உடைமை என்ற எண்ணத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவைக்கும் சிகிச்சை, குடும்பத்தின் கண்ணில் பாதிச் சிகிச்சைகூட அல்ல. மும்பையில் இதற்கான அனுபவம் இல்லாமல் இல்லை. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக ஆண்களே திரள வேண்டும் என்ற பத்திரிகை அழைப்பின் விளைவாக 1993இல் உருவான ‘மாவா’ அமைப்பு, இளைஞர்களிடையே முப்பது ஆண்டுகளாக வேலை செய்து வருகிறது. சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் 1999இல் தொடங்கிய ‘ஸ்நேஹா’, தாராவியில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவி மையம் நடத்துகிறது. குடிநோய்ப் பிரிவு ஓரிடத்திலும் வன்முறை உதவி மையம் வேறிடத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே அலைபவள் மனைவி. கணவன் சேர்ந்த அன்றே அவளைத் தனியே அழைத்து, அவளது பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும் ஏற்பாடு ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும்.

அவளைச் சுற்றியே இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ கலந்துகொடுத்தால் குடி மறந்துபோகும் என்ற விளம்பரங்களை ரயில்பெட்டிகளின் உட்சுவரில் காணாதவர் இல்லை. எந்தப் பொருள் அதில் கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிரம் என்ற மருந்து உண்மையான மருந்துதான். ரப்பர் தொழிலில் பயன்பட்ட அந்த வேதிப்பொருளோடு புழங்கிய தொழிலாளர்கள் மது அருந்தினால் நோய்வாய்ப்படுவது கவனிக்கப்பட்டிருந்தது. 1940களின் இறுதியில் டென்மார்க் ஆய்வாளர்கள் அதைக் குடிநோய்க்கான சிகிச்சையாக்கினர். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அறிந்து, சம்மதித்து உட்கொள்பவருக்குத்தான் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் நஞ்சுக்கு ஒப்பானது. வேறு வழியில்லாத பெண்ணைக் குறைசொல்லிப் பயனில்லை. அவளுக்கு வேறு வழி காட்டாத சுகாதாரத் துறையைத்தான் கேட்க வேண்டும்.

வேறு வழி என்று சிலர் நாடுவது, ஆளை அனுப்பித் தூக்கிச் சென்று அடைத்துவைக்கும் தனியார் இல்லங்களை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருட்களால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதன்படி அத்தகைய நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. உடல்நோய்க்கு உள்ள அதே மருத்துவக் காப்பீடு மனநோய்க்கும் வேண்டும். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியளிக்கும் சேவைகளில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இருக்கிறது. அடிக்கப்பட்டு, பட்டினி போடப்பட்டுத் திருந்துவதே ஆணுக்குரிய வைத்தியம் என்ற எண்ணம் இன்னும் சமூகத்தில் நிலவுவதால்தான் அந்தச் சட்டம் அமலாவதில்லை.

அரசுகள் இதில் எங்கே நிற்கின்றன? அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாக வைத்திருக்கிறது. மகாராஷ்டிர அமைச்சரவை 2025 ஜூனில் மதுபானங்கள் மீதான வரியை உயர்த்தியபோது, கூடுதலாக 14,000 கோடி ரூபாய் வருவாய் கிடைக்கும் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் வழியான வருவாய் 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தத் தொகையில் ஒரு விழுக்காட்டைக் குடிநோயாளியின் சிகிச்சைக்கால வாழ்வூதியத்துக்கு ஒதுக்கக் கோருவது மிகையான கோரிக்கையா? மகாராஷ்டிரத்தில் கடையை மூட வாக்கெடுப்பு கோரும் உரிமை மக்களுக்கு உண்டு. வாக்குச்சீட்டில் நிமிர்ந்த புட்டி, சாய்ந்த புட்டி என இரண்டு சின்னங்கள். ‘ஆட்வி பாட்லி’ எனப்படும் சாய்ந்த புட்டிக்கு முத்திரை குத்திப் பெண்கள் பல கிராமங்களில் கடைகளை மூடியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கத்தில் படிக்க வந்த பெண்கள் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டம், 1993இல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை பெற்றது. இவை பெருமைக்குரிய வெற்றிகள். கடை மூடப்பட்ட மறுநாள் காலை நடுக்கத்தோடு விழிக்கும் ஆணை எங்கே அனுப்புவது என்ற கேள்வி மட்டும் இப்போராட்டங்களின் கோரிக்கைப் பட்டியலில் அரிதாகவே இடம்பெற்றது.

அதை இணைத்துப் பார்த்தவர் சங்கர் குஹா நியோகி. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களிடையே அவரது சங்கம் கூலி உயர்வைப் பெற்றுத் தந்தபோது, உயர்ந்த கூலி சாராயக் கடைக்குப் போவதையும் சேர்த்தே கண்டது. குடி எதிர்ப்பைச் சங்கம் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டது; பெண்கள் அதன் முன்னணியில் நின்றனர். 1983இல் தொழிலாளர்களின் சொந்த உழைப்பிலும் பணத்திலும் ஷஹீத் மருத்துவமனை எழுந்தது. 1991 செப்டம்பர் 28 அன்று நியோகி சுட்டுக்கொல்லப்பட்டார், மருத்துவமனை நிற்கிறது. அங்கே குடியை விடச் சொன்னவர் உபதேசியார் அல்லர். அதே சுரங்கத்தில் கல் உடைக்கும் சக தொழிலாளி. ஆண் ஆணிடம் பேசும் பேச்சுக்கு உள்ள வலிமையைச் சங்கம் போலப் பயன்படுத்தக்கூடிய அமைப்பு வேறில்லை. அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்து பணியாற்றிய மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற, செங்கொடி மரபு வேரூன்றிய பகுதிகளில் இதைத் தொடங்க முடியும்.

கூலிக்கான வழியும் மகாராஷ்டிரத்திலேயே இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் மாத்தாடித் தொழிலாளர் சட்டம், நிரந்தர முதலாளி இல்லாத சுமைதூக்குவோருக்கு வாரியம் அமைத்தது. வேலை வாங்குவோர் கூலிக்கு மேல் ஒரு தீர்வையையும் செலுத்த வேண்டும். அதிலிருந்து வைப்புநிதியும் மருத்துவ உதவியும் தரப்படும். பட்டறைத் தொழிலாளர்களுக்கும் இதே வகையில் ஒரு வாரியமும், அதில் குடிநோய் உள்ளிட்ட எந்த நோய்க்குமான சிகிச்சைக்கால ஊதியமும் கேட்கலாம். அந்த ஊதியம் சிகிச்சையில் இருப்பவரின் மனைவியின் வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை முடிந்து திரும்புபவருக்கு அதே வேலை கிடைக்க வேண்டும் என்பதைச் சங்கம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

இப்போது தாராவியே இடம்பெயரப் போகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தைப் பெற்றது. 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியவர்களும் மேல்தளங்களில் வசிப்போரும் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவர் என்கிறது திட்டம். அவர்களுக்கெனக் குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்று செம்பூருக்கு அப்பால் உள்ள தியோனார் குப்பைக்கிடங்கு நிலம். செம்பூரை அடுத்த மாஹுலில், சுத்திகரிப்பு ஆலைகளின் நடுவே குடியேற்றப்பட்டவர்கள் நோயோடும் வேலையிழப்போடும் போராடி, 2019இல் உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் பெற்ற கதை மும்பைக்குப் புதிதல்ல. குடியை விட்டு ஆறு மாதமான ஒருவருக்கு, பழகிய ஆலோசகரும் நடந்துபோகும் தூரத்திலுள்ள மருத்துவமனையும் பட்டறை நண்பர்களும் ஒரே நாளில் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. தியோனாரில் முதல் குடும்பம் குடியேறுவதற்கு முன்பே, சயான் மருத்துவமனையோடு இணைந்த மனநல, குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்று, தமிழும் மராத்தியும் உருதும் பேசும் ஆலோசகர்களோடு, மாலை நேரத்தில் திறந்திருக்கும் நிலையில் அங்கே இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். மறுசீரமைப்பு ஆணையத்திடமும் மாநகராட்சியிடமும் அளிக்கப்படும் கோரிக்கை மனுக்களில், வீட்டின் சதுர அடிக் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்தக் கோரிக்கையும் இடம்பெற வேண்டும்.